வெயிலக்காவின் ஜன்னல்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. வெயிலக்கா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருந்துக்கடைக்கு அடுத்த சின்னத் தையல்கடை அவளுடையது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் தொடங்கி உத்தரம் வரை போகிற ஒரே ஜன்னல். அதற்குப் பின்னால் தையல் மெஷின், வெட்டுகிற மேஜை, ஒரு ஸ்டூல், அவள். காலை ஒன்பது மணிக்கு வெயில் மேஜையின் இடது மூலையில் வந்து விழும். மதியம் அவள் மடியில் இருக்கும். மாலை நாலரைக்கு எதிர்ச் சுவரில் தொங்கும் கோட்டுகளின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விடும். இருபத்தாறு வருஷமாக அந்த வெயிலோடு சேர்ந்து அவளும் மேஜையைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தாள். அப்படி ஒரு பெயர் வராமல் என்ன செய்யும்?

புதுத்துணி தைக்க மாட்டாள். பழசைச் சரிசெய்வதுதான் அவள் தொழில். உடம்பு மெலிந்தவர்களுக்கு இடுப்பைப் பிடித்துத் தருவாள், பருத்தவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்காமல் தளர்த்தித் தருவாள். கிழிந்த கால்சட்டை, உள்துணி தொங்கிப்போன கோட்டு, பொத்தான் காஜா பிய்ந்த சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும். அந்த வலது கையில் கத்தரி ஏறிவிட்டால் துணி தானாக வழிவிடும் என்று பேர் வாங்கியிருந்தாள். அதைச் சொன்னால், "சும்மா இருங்க, கத்தரிக்குச் சாணை பிடிச்சவருக்குப் போய்ச் சொல்லுங்க" என்பாள். உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

வேலை செய்யும்போது அவள் பாதி இங்கே இருப்பாள், பாதி வேறு எங்கோ இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே தெரு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். சைக்கிள் போகும், வண்டி போகும், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு இரண்டு பெண்கள் போவார்கள், ஒன்றும் கேட்காது. என்ன பேசுகிறார்கள் என்பதை அவளே இட்டு நிரப்பிக்கொள்வாள். தினமும் போகிற ஆட்களுக்குப் பெயரும் வைத்திருந்தாள். கையில் காகிதக் கட்டோடு ஓடுகிறவர் 'அவசரம்'. வானம் பளிச்சென்று இருக்கும்போதும் குடை கொண்டுபோகிற அம்மாள் 'முன்ஜாக்கிரதை'. அவசரத்துக்கும் முன்ஜாக்கிரதைக்கும் அவள் மனசுக்குள் கல்யாணம்கூட நடந்து முடிந்திருந்தது. பாவம், அவர்களுக்குத்தான் அது தெரியாது.

அந்த ஜன்னல் அவளுக்குக் கணவர் செய்து கொடுத்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. கல்யாணமான முதல் வருஷம், அந்த இடத்தில் மரக்கதவு போட்ட சின்னச் சின்னச் சட்டங்கள்தான் இருந்தன. திறந்தால் தூசி, மூடினால் இருட்டு. "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று அவர் கேட்டார். நகை கேட்பாள் என்று நினைத்திருப்பார். அவள் சொன்னாள்: "எனக்கு வெயில் வேணும். தூசி வேண்டாம்." ஒரு கண்ணாடிக்காரரிடம் போய் இப்படிக் கேட்டால் அவர் சும்மா இருப்பாரா? சுவரை இடித்து, சட்டத்தைப் பிடுங்கி, நாலு பேர் தூக்குகிற ஒரே கண்ணாடியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அவரே துடைப்பார். அங்கே கண்ணாடி இருப்பது தெரியாது. ஒருமுறை ஒரு மனுஷர் வெளியிலிருந்தே சட்டையை நீட்டப்போய் விரலைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டார். அன்றைக்குக் கண்ணாடிக்காரர் இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

அவர்களுடைய மகள் அந்த மேஜைக்கடியில் தவழ்ந்து, அந்த வெயிலில் பாடம் எழுதி, பெரியவளாகி, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாடியில் இரண்டு அறை, கீழே கடை, நடுவில் பதினோரு படி. வெயிலக்காவின் உலகம் அவ்வளவுதான். காய்கறி கணவர் வாங்கி வருவார். நூலும் பொத்தானும் கடைக்கே வந்துவிடும். வெளியே போய் அலைய அவளுக்கு ஆசையும் இல்லை. உலகம்தான் தினமும் ஜன்னலில் வந்து நின்று காட்டிவிட்டுப் போகிறதே என்பாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு நடக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சரிசெய்து முடித்த கோட்டு ஒன்றை மேல் கொக்கியில் மாட்ட ஸ்டூலில் ஏறினாள். ஓரடி உயரம் இருக்கும், அவ்வளவுதான். கால் வழுக்கியது. வலது பக்கமாக மேஜை ஓரத்தில் சாய்ந்து விழுந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டி முறிந்தால் ஒரு சத்தம் வரும் இல்லையா, அப்படி ஒரு சத்தம் கேட்டது. சாக்கட்டி எங்கே விழுந்தது என்றுதான் முதலில் தேடினாள். பிறகுதான் கை தூக்க வரவில்லை என்று தெரிந்தது.

எலும்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு, அதையே மேஜையெல்லாம் தேடுகிற ஆள். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கை எலும்பு குறுக்கே முறிந்திருந்தது.

"கையை அசைக்காம, இந்த உறையைப் போட்டுக்கிட்டு இருந்தா பெரும்பாலும் தானா கூடிடும். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இந்த உயரத்துலேருந்து விழுந்து இந்த எலும்பு உடையவே கூடாதும்மா. உள்ள ஏற்கெனவே மெலிஞ்சிருக்கு."

ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் சீட்டு வந்தது. வைட்டமின் டி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மறந்துபோய் எழுதிய மாதிரி ஒரு சின்ன எண் இருந்தது. இருக்க வேண்டியதில் கால்பங்குகூட இல்லை என்றாள் டாக்டர். தினமும் கால்சியம் மாத்திரை, வாரத்துக்கு ஒன்றாக வைட்டமின் டி கேப்ஸ்யூல், முட்டை, பால், பயறு, மீன் என்று எழுதினாள். ரத்தமும் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்தாள். கடைசியில், "கொஞ்சம் வெயில்லயும் உக்காருங்க" என்றாள்.

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு வந்து சேரும்வரை சிரித்தார்கள். வலியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"என்னைப் பாத்து வெயில்ல உக்காரச் சொல்றா. நான் எந்திரிச்சாத்தானே உக்கார!"

"ரத்தத்தை மாத்தி எடுத்துட்டாங்களோ என்னவோ" என்றார் அவர்.

அடுத்த கடை மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது வழக்கம்போல ஒரு பாடமே நடத்திவிட்டார். "அக்கா, கால்சியத்தையும் இரும்பையும் சேத்து முழுங்காதீங்க. ரெண்டும் ஒரே வாசல்ல நுழைய அடிச்சுக்கும். ஒண்ணு காலையில, ஒண்ணு சாயங்காலம். இரும்பு மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் டீ குடிக்காதீங்க. அப்புறம் இந்த கேப்ஸ்யூல் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. மறக்காதீங்க, இது இல்லாம நீங்க எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் உடம்பு அதை உள்ள வாங்கிக்காது."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கால்சியத்தை ஒழுங்காகச் சாப்பிட்டாள். இரும்பை முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள். முட்டை, பால் ஒன்றும் விடவில்லை. கேப்ஸ்யூல் பக்கம் வந்தபோதுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. வெயிலில் கிடைக்கிற சத்தை மாத்திரையில் சாப்பிடுவதா? இருபத்தாறு வருஷம் மடியில் வாங்கிப்போட்ட வெயிலுக்கு அது அவமானம் இல்லையா? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். மஞ்சளாக, பளபளவென்று, அழகான பொத்தான் மாதிரிதான் இருந்தது.

பிறகு சும்மா இருக்கிற வாரங்கள் வந்தன. மேல்கையைச் சுற்றி உறை, கையைத் தாங்கக் கழுத்தில் கட்டிய தூளி, மெஷின் மேல் துணி போர்த்தியாகிவிட்டது. ஆனாலும் ஒன்பது மணிக்குக் கீழே இறங்கி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் சொன்ன வெயில்தானே, வாங்கிக்கொள்வோம் என்று முறிந்த கையை அதன் பக்கம் திருப்பி வைப்பாள். கண் சொக்கும். விழிப்பா தூக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு இடத்தில் அவள் தன் எலும்பைப் பார்ப்பாள். உள்ளே யாரோ உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்கள். முகம் தெரியாது. விரல் மட்டும் தெரியும். வெயிலிலிருந்து ஒரு இழை உருவி ஊசியில் கோர்த்து, முதலில் தளர்வாக ஓட்டுத்தையல் போட்டு, இரண்டு விளிம்பையும் பக்கத்தில் கொண்டுவருவார்கள். 'அவசரம்' வெளியே ஓடுவார். குடை போகும். தெரு முழுக்க மெல்ல மெல்ல வெளிச்சமாகக் கரைந்து அவள் கைக்குள் இறங்கும். நூல் மட்டும் ஒவ்வொரு தடவையும் பாதியில் தீர்ந்துபோகும். அந்த இடத்தில் அவளுக்கு விழிப்பு வந்துவிடும்.

பத்தாவது வாரம் மறுபடி படம் எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினாள். இரண்டு விளிம்பும் நடுவில் கறுப்புக் கோடுமாக, அன்றைக்கு உடைந்த மாதிரியே இருந்தது.

"இதுக்குள்ள கொஞ்சமாவது மூட்டம் போட்டிருக்கணும்மா. புது எலும்பு முதல்ல மூட்டம் மாதிரிதான் தெரியும். ஒண்ணுமே இல்லை. இன்னும் ஆறு வாரம் பாக்கலாம். அப்பவும் கூடலைன்னா திறந்து தகடு வச்சு திருகு போடணும்."

"போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார் கணவர்.

"பெரும்பாலும் ஆயிடும். ஆனா மணிக்கட்டைத் தூக்குற நரம்பு இந்த எலும்பைச் சுத்திக்கிட்டுதான் போகுது. நாங்க ஜாக்கிரதையாத்தான் செய்வோம். இருந்தாலும் சிலருக்கு அந்த நரம்பு அடிபட்டு, கை கொஞ்ச காலம் தொங்கிடும். ரொம்பச் சிலருக்கு அப்படியே நின்னுடும். சொல்லாம விடக்கூடாது இல்ல?"

வெயிலக்கா தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு தூக்காத கையில் கத்தரி எப்படி நிற்கும்? அவளுக்கு விரல் நுனியெல்லாம் குளிர்ந்துபோனது.

டாக்டர் புது ரத்தச் சீட்டையும் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "டி இன்னும் குறைஞ்சிருக்கு. கேப்ஸ்யூல் பத்து வாரமா சாப்பிடறீங்கதானே? சாப்பிட்டும் ஏறலைன்னா குடல்ல ஏதாவது கோளாறான்னு பாக்கணும். நிறைய டெஸ்ட் எழுதவேண்டி வரும்."

அவள் "ம்" என்று இழுத்தாள். இழுத்த இழுப்பிலேயே கணவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அந்த 'ம்' தெரியாதா?

"பொத்தான் டப்பாவுல இருக்கு" என்றாள் கடைசியில். "பத்தும் இருக்கு. டாக்டர், கோவிச்சுக்காதீங்க. எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். நான் நாள் முழுக்க வெயில்லதான் இருக்கேன். இன்னிக்கு நேத்திக்கு இல்ல, இருபத்தாறு வருஷமா. ஊரே என்னை வெயிலக்கான்னுதான் கூப்பிடுது."

"வெளியில வேலையா?"

"இல்ல, கடையில. ஜன்னலோரம்."

கணவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். மேஜை, மெஷின், மடி நிறைய வெயிலோடு மனைவி. "பாருங்க டாக்டர். இதுக்கு மேல வெயில் எங்க இருக்கு?"

"நல்லா அடிக்குதே" என்றாள் டாக்டர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஜன்னல் எப்பவும் இப்படித் திறந்துதான் இருக்குமா?"

அவர் முகம் மலர்ந்தது. "திறந்தா? அது கண்ணாடி டாக்டர். ஒரே பீஸ். தெரியாது! நானே போட்டது. அதானே என் தொழிலு."

டாக்டர் கைப்பேசியை மெதுவாக மேஜையில் வைத்தாள். "கண்ணாடியா?"

கொண்டையிலிருந்த பேனாவை அன்றைக்கு முதல் தடவையே கண்டுபிடித்து எடுத்து, ஒரு சூரியன் போட்டு, நடுவில் ஒரு கோடு கிழித்து விளக்கினாள். வெயிலில் பல விதமான கதிர் உண்டு. வெளிச்சமும் சூடும் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். தோலில் பட்டு வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் மட்டும் வராது, அநேகமாக எல்லாம் கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

"அப்ப துணி எப்படி வெளுக்குது?" என்று வெயிலக்கா விடவில்லை. "ஜன்னல்ல தொங்கவிட்ட துணி ஒரே வருஷத்துல வெளுத்துப்போகுதே!"

"அதைச் செய்யறது வேற கதிர்மா. அது உள்ள வரும். உங்களுக்கு வேண்டியதுதான் வெளியில நிக்குது. என்னிக்காவது அங்க உக்காந்து தோல் சிவந்து எரிஞ்சிருக்கா?"

ஒரு நாளும் எரிந்ததில்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். கண்ணாடி விற்கிற இடத்தில், "இதுக்குப் பின்னாடி உக்காந்தா வெயில் சுடும், ஆனா தோல் வெந்துபோகாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் வாங்கினார். அவளுக்குத் தோல் எரியக்கூடாது என்று வாங்கினார்.

"கண்ணாடி மட்டுமே காரணம்னு நான் சொல்லல" என்றாள் டாக்டர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. "வயசு இருக்கு, சாப்பாடு இருக்கு, இந்த வயசுல பெண்களுக்கு எலும்பு வேகமா மெலியும். முதல்ல கேப்ஸ்யூல். அதுதான் முக்கியம். அது கூட, தினமும் கொஞ்ச நேரம் நிஜ வெயில். ஆறு வாரம் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், பொத்தான் டப்பாவைத் திறந்து பத்து கேப்ஸ்யூலையும் உள்ளங்கையில் கொட்டியது. விட்டதையெல்லாம் ஒரே மடக்கில் பிடித்துவிடலாம் என்று தண்ணீர் மொண்டாள். நல்லவேளை, மாத்திரைக் கவரோடு உள்ளே வந்த மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"அக்கா! வைங்க கீழ! தாகமா எடுக்குதுன்னு ஒரு குடம் தண்ணியை ஒரே வாய்ல ஊத்திக்குவாங்களா? இது அளவுக்கு மிஞ்சினா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டுப்போகும். வாரத்துக்கு ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணு."

அவர் எதிரிலேயே ஒன்றை விழுங்கினாள். மீதி ஒன்பதையும் அவர் பிடுங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து கண்ணு முன்னாடி குடுக்கறேன். உங்களை நம்ப முடியாது" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலை அவள் கீழே இறங்கியபோது, கணவர் ஏணியில் நின்று சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்து இறுகிப்போயிருந்த மக்குப் பசையைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் அவர் தலையெல்லாம் விழுந்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"கழட்டறேன்."

"வெளியில ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தா ஆச்சு. இதுக்கு ஏன் நல்ல கண்ணாடியைக் கழட்டணும்?"

"நீ வெளிய போகமாட்ட. ரெண்டு நாள் போவ, மூணாம் நாள் உள்ள வந்து உக்காந்துக்குவ. எனக்குத் தெரியாதா?" அவர் திரும்பவில்லை. சுரண்டுகிற கை மட்டும் நின்றது. "நான்தாம்மா உன் எலும்பை உடைச்சேன். இருபத்தாறு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை துடைச்சு வேற வச்சேன்."

ஏணிக்குக் கீழே போய் இடது கையால் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டூலை நீங்களா தள்ளிவிட்டீங்க? கேப்ஸ்யூலை டப்பாவுல போட்டது நீங்களா? நான் வெயில் கேட்டேன், நீங்க உங்ககிட்ட இருந்த வெயிலைக் குடுத்தீங்க. இறங்குங்க முதல்ல. நீங்களும் விழுந்து வச்சா யாரு யாருக்கு உறை கட்டறது?"

அவர் இறங்கவில்லை. மதியத்துக்குள் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். உறிஞ்சிப் பிடிக்கிற கைப்பிடிகளைக் கண்ணாடியில் ஒட்டி, "மெல்ல, மெல்ல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எடுத்தார்கள். அந்தப் பக்கம் சாய்ந்தபோது கண்ணாடியில் வானம் முழுக்க ஒரு கணம் ஓடியது. பிறகு சுவரில் ஒரு பெரிய ஓட்டைதான் மிச்சம்.

முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. உள்பாவாடையோடு தெருவில் நிற்பது போல இருந்தது. காற்று வந்து அளவுச் சீட்டுகளையெல்லாம் மேஜையிலிருந்து தள்ளியது. தூசி வந்தது. அப்புறம் சத்தம் வந்தது. சைக்கிளுக்கு மணி இருந்தது. வண்டிச் சக்கரத்துக்குக் கிரீச் இருந்தது. 'அவசரம்' ஓடும்போது தனக்குத்தானே எண்ணிக்கொண்டு ஓடுகிற ஆள்; ஒன்று, இரண்டு, மூன்று என்று படிக்கட்டு எண்ணுகிற மாதிரி. 'முன்ஜாக்கிரதை'க்கு அவள் மனசுக்குள் கொடுத்திருந்த மெல்லிய குரல் இல்லை. தெரு முனையில் நின்று கூப்பிட்டால் இந்த முனையில் இருக்கிற நாய் எழுந்துகொள்ளும். அந்தக் கல்யாணம் சரிப்பட்டு வராது என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கண்ணாடி இருக்கிறது என்ற நினைப்பில், வழக்கம்போல அவளுக்கு எதிரிலேயே அவளைப் பற்றிப் பேசினார்கள்.

"இந்த அம்மா அந்த நீலக் கோட்டை இன்னும் அப்படியே தொங்கவிட்டிருக்கு பாரு."

"ஆளு வேற இளைச்சுப்போச்சு."

"கோட்டுக்காரர் வாங்க வரல, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் வெயிலக்கா. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். பத்து வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெயிலும் வேறாக இருந்தது. இத்தனை நாள் அது மடியில் படுத்திருந்தது. இப்போது தோலைக் கிள்ளியது. சட்டைக் கையை மடித்துவிட்டு, தினமும் மதியம் கால் மணி, இருபது நிமிஷம் கைகளையும் காலையும் அதில் வைத்தாள். கண்ணை மூடினால் அந்த முகம் தெரியாத தையல்காரி உள்ளே வேலையில் இருந்தாள். நூல் தீர்ந்துபோகும் இடம் வந்தது. அவள் பயத்தோடு காத்திருந்தாள். நூல் வந்துகொண்டே இருந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு சங்கதி நடந்தது. வெயில் கோட்டுகளின் தோளுக்கு ஏறியிருந்தது. கணவர் வேலையிலிருந்து வருகிற நேரம். தெருமுனையிலிருந்து யாரோ பாடிக்கொண்டு வருவது கேட்டது. தாளம் தப்பி, மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போய், கீழே வர வேண்டிய இடத்தில் தொண்டையைக் கனைத்து, படுமோசமான பாட்டு. ஆனால் அவ்வளவு சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வந்த குரல். யாரடா இது என்று எட்டிப் பார்த்தாள். அவர்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மக்குத் தூள் படிந்த தலையோடு, தனக்குத்தானே பாடிக்கொண்டு வந்தார். மருந்துக்கடைப் படி வந்ததும் சட்டென்று நிறுத்தினார். முகத்தைத் துடைத்து, தினமும் அவள் பார்க்கிற அந்த அமைதியான மனுஷராக ஆகி, கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டார்.

"ம்" என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள்.

இருபத்தாறு வருஷம் இந்த மனுஷர் அவளிடம் வருகிற வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்திருக்கிறார். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்று விழுங்கிக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு கேப்ஸ்யூலை மருந்துக்கடைக்காரர் கண்ணெதிரே விழுங்கினாள். தினமும் சாயங்காலம் ஒரு பாட்டை யார் கண்ணிலும் படாமல் கேட்டாள்.

ராத்திரியில் பலகை வைத்து அடைத்தார்கள், மழை பெய்த இரண்டு நாள் தார்ப்பாய் கட்டினார்கள். தூசிக்கு மெஷினை மூடிவைத்தார்கள். ஆறு வாரம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

படம் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படத்தை மாட்டினாள். கறுப்புக் கோடு இருந்த இடத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும், வெள்ளையாக ஒரு மூட்டம் கட்டியிருந்தது. ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு அது கடந்து போயிருந்தது.

"பிடிச்சிருச்சும்மா" என்றாள் டாக்டர். "தகடு வேண்டாம், திருகு வேண்டாம். இன்னும் கெட்டிப்படணும், ஆனா இது போதும். மெல்ல வேலையை ஆரம்பிங்க."

"வெயில்ல உக்காந்ததுதானே டாக்டர்?" என்றாள் அவள்.

"பெரும்பங்கு கேப்ஸ்யூல்தான். உங்க எலும்புக்கும் கொஞ்சம் பிடிவாதம் இருந்திருக்கு, உங்களை மாதிரியே. மாத்திரையை நிறுத்தாதீங்க. சாப்பாட்டை விடாதீங்க, தினமும் கொஞ்சம் நடங்க."

கடைக்கு வந்ததும் அவள் கத்தரியை எடுத்தாள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. கழிவுத் துணி ஒன்றை விரித்து, கத்தரியின் வாயைத் திறந்து மூடினாள். கோணல்மாணலாக ஒரு விரற்கடை வெட்டியது. அடுத்த வெட்டு கொஞ்சம் நேராகப் போனது. துணி வழிவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் துணியில் விழுந்து வட்டமாகப் பரவியது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, சுவரோரம் போர்வை சுற்றிச் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிப் பக்கம் போனார்.

"அதான் பெரும்பங்கு கேப்ஸ்யூல்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்களே" என்றார், போர்வையைத் தடவிக்கொண்டே. "தினம் நடக்கச் சொன்ன நேரத்துல வெளியில வெயிலும் பட்டுக்கும். தூசியில நீ கஷ்டப்படற. நாளைக்கு ஆளுங்களைக் கூட்டிவந்து இதைத் திரும்ப மாட்டிடட்டுமா?"

ரொம்ப ஆசையாகக் கேட்டார். அவருக்கு அது எவ்வளவு பெருமை என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம்."

"ஏன்? தூசி வேண்டாம்னு நீதானே அன்னிக்குக் கேட்ட?"

"கேட்டேன். ரெண்டா அறுத்துக் கீல் போட்டுக் கொடுங்க. மழைக்கு மட்டும் சாத்திக்கறேன்."

"இவ்வளவு நல்ல கண்ணாடியை அறுக்கறதா? எதுக்கு?"

வெயிலக்கா கத்தரியை மேஜையில் வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைச் சாத்தினா நீங்க பாடறது எனக்குக் கேக்காது" என்றாள்.